கல்நார் தந்த புற்றுநோய்: மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் எந்தக் கதவைத் தட்டுவது?

நடக்காத காரியத்தில் ஒருவர் இறங்கினால் ‘கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறார்’ என்று சிரிப்போம். நார் உரிக்கக்கூடிய கல் ஒன்று பூமிக்குள் உண்மையிலேயே இருக்கிறது. தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். விரலால் கிள்ளினால் பஞ்சு போலப் பிரியும். நெருப்பில் எரியாது, மண்ணில் மக்காது, நூலாகத் திரித்துத் துணியாகக்கூட நெய்யலாம். இப்படி ஒரு பொருள் கிடைத்தால் தொழிற்சாலைகள் சும்மா விடுமா? கூரை ஷீட், தண்ணீர்க் குழாய், பிரேக் லைனிங், கொதிகலனில் சுற்றும் கயிறு, தீயணைப்பு வீரரின் அங்கி என்று இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அதைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டார்கள்.

எரியாத, மக்காத அந்தக் குணம் நுரையீரலுக்குள் போன பிறகும் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் நீரை எடுத்தார்கள். காசநோயாக இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிவதற்குள் நீர் மறுபடியும் கோத்தது. கடைசியில் வேறொரு மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்தபோதுதான் மீசோதீலியோமா என்ற புற்றுநோயின் பெயரை அந்தக் குடும்பம் முதல் முறையாகக் கேட்டது.

துணைக்குப் போயிருந்த நான் அவருடைய பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், வயது, இரத்த வகை எல்லாம் சரியாக இருந்தன. ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதியிருந்தது. ஓய்வு பெறுவது ஒரு தொழிலா? அந்த மனிதர் இருபத்தைந்து ஆண்டுகள் அனல் மின் நிலையங்களில் ஒப்பந்தக்காரர்களிடம் லேக்கிங் வேலை பார்த்தவர். நீராவிக் குழாய்களுக்கு வெப்பம் வெளியேறாமல் உறை போடுகிற வேலை அது. பழைய உறையைக் கொத்தி உதிர்ப்பது, கல்நார்க் கயிற்றை அறுத்துச் சுற்றுவது, மாவு போன்ற பூச்சைக் குழைத்துப் பூசுவது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று அவரே சொன்னார். “ஆனால் தம்பி, நான் வேலையை விட்டு இருபது வருடம் ஆகிவிட்டதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்றும் கேட்டார்.

இந்த நோயைப் பொறுத்தவரை, அந்த ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்புவது பாதி வைத்தியம், முக்கால் வழக்கு.

நாற்பது வருடம் உறங்கும் தூசி

கல்நார்த் தூசியில் உள்ள இழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். அங்கே தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் காவல் செல்கள் உண்டு. நீளமான இழையை அவற்றால் முழுதாக விழுங்க முடிவதில்லை. பாதி விழுங்கிய நிலையில் தாங்களே செத்துப்போகின்றன. இழை அப்படியே கிடக்கிறது. அடுத்த செல் வருகிறது, அதுவும் சாகிறது. அழற்சி, புண், தழும்பு என்று ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது ஏதோ ஒரு கட்டத்தில் செல்லின் மரபுப்பொருள் கெட்டுப் புற்றாக மாறுகிறது. தூசி உள்ளே போனதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவே பொதுவாக இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஓடிவிடும். சிலருக்கு அதற்கும் மேல்.

கல்நார் தரும் நோய்களில் முக்கியமானவை மூன்று. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்; அது புற்றுநோய் அல்ல, ஆனால் மூச்சை முடக்கிவிடும். அடுத்தது நுரையீரல் புற்றுநோய். கல்நாரோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் இதன் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. மூன்றாவதுதான் மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையிலோ வயிற்று உறுப்புகளை மூடியிருக்கும் உறையிலோ வருவது. இதற்கும் பீடி சிகரெட்டுக்கும் தொடர்பில்லை. ‘புகைத்தார், வந்தது’ என்று உறவினர்கள் தீர்ப்பு எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குரல்வளை, சினைப்பைப் புற்றுநோய்களுக்கும் கல்நார் காரணமாகிறது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த நிறக் கல்நாருக்கும் அந்தப் பட்டியலில் விலக்கு இல்லை.

தொழிலாளிக்கு மட்டும்தான் வரும் என்றும் இல்லை. 1960இல் வாக்னர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை, பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிகளுக்கு வந்த கதைகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

உடனே எல்லோரும் தலைக்கு மேலே பார்ப்பீர்கள் என்பது தெரியும். ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்கள் நாளையே நோயாளியாகிவிடுவதில்லை. ஷீட்டில் கல்நார் சுமார் பத்தில் ஒரு பங்குதான், மீதி சிமெண்ட். உடையாத ஷீட்டில் இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைத்துக் கொட்டும்போதும், வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்து மேற்பரப்பு பொரியும்போதும்தான் தூசி கிளம்புகிறது. பழைய ஷீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உடைந்த துண்டுகளைத் தெருப் பள்ளத்தில் கொட்டி நிரவும் நம் ஊர் வழக்கத்தை எப்போது கைவிடப்போகிறோமோ தெரியவில்லை.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் செய்யவில்லை. புதிய சுரங்க உரிமம் தருவதை நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறோம். ஆகவே நாற்பது ஆண்டுக் கணக்கை இன்றிலிருந்து போட்டாலும், இந்த நோயாளிகள் நம்மிடையே வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

நோயை நோய் என்று கண்டுபிடிப்பது

நெஞ்சில் நீர் என்றதும் நம் ஊர் மருத்துவருக்கு முதலில் காசநோய் நினைவுக்கு வருவது தவறில்லை. இங்கே அதுதான் அதிகம். ஆனால் காசநோய்க் கிருமி பரிசோதனையில் அகப்படாமல், மருந்து சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோத்து, ஆள் இளைத்துக்கொண்டே போனால், “திசுப் பரிசோதனை செய்யலாமா டாக்டர்?” என்று நீங்களே கேட்க வேண்டும். எடுத்த நீரை மட்டும் சோதித்தால் மீசோதீலியோமா பெரும்பாலும் நழுவிவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, உறையிலிருந்து நேரடியாகத் துணுக்குகளை எடுப்பதே நம்பத்தக்க வழி.

எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தாலும் உடனே முடிவு கட்ட முடியாது. சாதாரண நுரையீரல் புற்றுநோயும் இதுவும் ஒரே சாயலில் இருக்கும். அதனால் ஐ.எச்.சி. என்ற நிறமேற்றும் சோதனையைச் செய்கிறார்கள், கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 போன்ற புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. அறிக்கையில் நோயின் உட்பிரிவும் இருக்க வேண்டும். எபிதீலியாய்டு வகை என்றால் ஓரளவு மெதுவாகப் போகும். சார்கோமடாய்டு வகை வேகமானது. சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அந்த வார்த்தை தேவை.

பரிசோதனைக்கூடத்தில் அந்தத் துணுக்கை மெழுகுக்கட்டியில் பதித்து வைப்பார்கள். பிளாக் என்று சொல்வார்கள். அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கும்போது மறுபடியும் நெஞ்சைத் துளைக்க வேண்டியிருக்காது. வழக்கு என்று வந்தால், இதைவிட உறுதியான சாட்சி வேறில்லை.

சிகிச்சையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த நோய் முழுமையாகக் குணமாவது மிக அபூர்வம். ஆயுளைச் சில மாதங்கள் நீட்டலாம், சிலருக்கு ஆண்டுகளாகவும் நீளும். இருக்கும் நாளை மூச்சுத் திணறல் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பெமெட்ரெக்சட் மருந்தோடு சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சேர்த்து ஏற்றுவதுதான் இருபது ஆண்டுகளாக அடிப்படையான கீமோ. இதைத் தொடங்குவதற்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது. 605 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 14.1 மாதம், இந்த ஜோடி மருந்து பெற்றவர்களுக்கு 18.1 மாதம். வேகமான வகைக்கு இதனால் கிடைத்த பலன் கூடுதலாக இருந்தது. ஆனால் செலவு பல லட்சங்களில் போகும்.

நெஞ்சைத் திறந்து உறையை முழுவதும் உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையைப் பற்றிப் பிரிட்டனில் நடந்த மார்ஸ்-2 ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. அறுவையும் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை, சிக்கல்கள்தான் கூடின. நிலத்தை விற்று ஆபரேஷன் செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கையெழுத்துப் போடுமுன் பெரிய புற்றுநோய் மையம் ஒன்றில் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். வயிற்று உறையில் வரும் வகை மட்டும் விதிவிலக்கு. பொருத்தமான நோயாளிக்கு அறுவையோடு சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஊற்றிக் கழுவும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

நீர் கோப்பதை நிறுத்த டால்க் பொடியைச் செலுத்தி உறையை ஒட்டவைக்கலாம். அல்லது வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ள மெல்லிய குழாயைப் பொருத்தலாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. மார்ஃபின் என்றதும் ‘கடைசிக் கட்டமா?’ என்று குடும்பம் கலங்கிவிடுகிறது. எங்கள் தெருப் பெரியவர் அந்த மாத்திரை தொடங்கிய வாரம்தான் பல மாதங்களுக்குப் பிறகு படுத்துத் தூங்கினார். அதுவரை நாற்காலியில் முன்னால் சாய்ந்தபடியேதான் இரவைக் கழித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இதற்கு எங்கே போவது? சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவை தெரிந்த இடங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்; கீமோவும் அதில் அடக்கம். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலை அது. சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கென்றே தனி மையமும் உண்டு. தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எழுத்தில் பெற அங்கே போவது பயன்படும்.

இனி வழக்கு

இந்த நோயின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்க வழக்கறிஞர்களின் விளம்பரங்கள் வந்து கொட்டும். அங்கே 1973இல் போரெல் என்ற டெக்சாஸ் காப்புறைத் தொழிலாளியின் வழக்கில், எச்சரிக்காமல் விற்ற உற்பத்தியாளரே பொறுப்பு என்று தீர்ப்பானது. வழக்குகள் குவிந்தன. 1982இல் ஜான்ஸ்-மான்வில் என்ற மாபெரும் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. அதன் தொடர்ச்சியாக, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் தருவதற்கென்றே அறக்கட்டளை நிதிகள் உருவாயின. வென்றால் பங்கு, தோற்றால் கட்டணமில்லை என்ற ஏற்பாட்டில் வழக்கறிஞர்கள் அங்கே நோயாளியைத் தேடி வருகிறார்கள். இந்தியாவில் வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது, இழப்பீட்டில் பங்கு பேசவும் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் அதன் விளைவாக, உங்களைத் தேடி இங்கே யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் ஓர் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விபத்தில் கை போனால் எந்த இயந்திரம், எந்தத் தேதி என்று காட்டலாம். நோய்க்கு அப்படிக் காட்ட முடியாது. அதனால் சட்டம் ஒரு பட்டியலைப் போட்டிருக்கிறது: இன்ன தொழிலில் இருந்தவருக்கு இன்ன நோய் வந்தால், அது வேலையால் வந்த காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ‘கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும்’ வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கின்றன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் போதும். இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே போன்ற பட்டியல் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, எலும்புக்கூடு அதேதான். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை மனுவில் எழுதுவது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும்.

இனிதான் முடிச்சு. வேலையை விட்ட பிறகு நோய் வந்தால், விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால் மட்டுமே அறிகுறி தெரிந்த நாளை விபத்து நாளாகக் கொள்ளலாம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. நாற்பது ஆண்டு உறங்கும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு! பட்டியலில் பெயரைச் சேர்த்தவரும் இந்தக் கெடுவை வைத்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை போலும். இந்த முடிச்சில்தான் பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு உண்டு. நோய் இயல்பாகவே தாமதமாகத்தான் தெரியும் என்ற மருத்துவச் சான்றுதான் அந்தக் காரணம்.

முடிச்சை அவிழ்க்க உதவும் இன்னொரு கருவி உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் கல்நார்த் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த பொதுநல வழக்கு அது. பணிக்காலத்தில் மட்டுமல்ல, ஓய்வுக்குப் பிறகும் உடல்நலமும் மருத்துவ உதவியும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று கல்நார்த் தொழிற்சாலைகளுக்கு உத்தரவிட்டது. நோய் உறுதியானவர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் கொடுக்கவும் சொன்னது. நாற்பது என்ற எண்ணைக் கவனியுங்கள். நோய் உறங்கும் காலத்தை நீதிமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது. வேலை பார்த்தது கல்நார்ப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் என்றால், ‘எங்களிடம் பதிவேடு இல்லை’ என்று நிர்வாகம் கையை விரிக்கும்போது, இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் இதை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம்.

“நான் ஒப்பந்தக்காரரிடம்தான் இருந்தேன், அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்” என்றார் எங்கள் பெரியவர். அதற்கும் வழி இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும், வேலை நடந்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். அது பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. ஆணையரிடம் மனு, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டவும் முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டை துவைத்து நோய் வாங்கிய மனைவிக்கு இந்தப் பட்டியல் உதவாது. அவர் அலட்சியத்தைக் காரணம் காட்டி உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தொகை எவ்வளவு வரும்? நிரந்தர முழு இயலாமை என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்குவார்கள். 2020ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் கணக்கில் கொள்வது 15,000 ரூபாய் வரைதான். ஐம்பது வயதுக்காரருக்கு அந்த எண் 153.09. ஆக 9,000 ரூபாயை 153.09ஆல் பெருக்கினால் 13,77,810 ரூபாய். மரணம் என்றால் 60க்குப் பதில் 50 சதவீதம். உரிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதி அளவுக்கு அபராதமும் போடலாம். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். மருந்துக் கடனையாவது அடைக்கும்.

மனுவை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளி என்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. தொழிற்சங்கம் இருந்தால் அங்கேதான் முதலில் போகச் சொல்வேன். பழைய ஆட்களின் பெயரும் முகவரியும் அவர்களிடம்தான் இருக்கும்.

அந்தப் பழைய ஆட்கள்தான் வழக்கின் உயிர். உடன் வேலை பார்த்த இரண்டு பேரின் பிரமாணப் பத்திரம் பல காகிதங்களுக்குச் சமம். அவர்களுக்கும் எழுபது ஆகியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்குச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கேட் பாஸ், போனஸ் சீட்டு, ஆயுத பூஜையன்று கொதிகலன் முன்னால் நின்று எடுத்த போட்டோ, எல்லாமே சான்றுதான். கிடைக்காததை வைப்புநிதி அலுவலகத்திலும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பிரிட்டனிலும் இதே மல்லுக்கட்டுதான் நடந்தது. ராச்டேல் ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் முப்பத்து மூன்று வயதில் இறந்தபோது, நிர்வாகம் நோயின் காரணத்தையே மறுத்து, இறுதிச் சடங்குக்குக்கூடப் பணம் தரவில்லை. பிறகு பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவருக்கு எந்த முதலாளியின் தூசி நோயைத் தந்தது என்ற கேள்வி பெரிய தடையாக நின்றது. 2002இல் ஃபேர்சைல்டு வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஆபத்தைக் கூட்டிய எந்த முதலாளியையும் பொறுப்பாக்கலாம் என்றது. முதலாளியும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் தடம் தெரியாமல் போனவர்களுக்காக இழப்பீட்டு நிதி ஒன்றை அமைக்க 2014இல் தனிச் சட்டமே வந்தது. அந்த நிதிக்குப் பணம் கட்டுவது காப்பீட்டு நிறுவனங்கள். இங்கே அப்படி ஒரு நிதி வராதவரை, நம்மிடம் இருப்பது கேஸ் ஷீட்டில் உள்ள அந்தக் கட்டம்தான்.

எங்கள் பெரியவர் விஷயத்தில் அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. இரண்டாவது மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, ‘லேக்கிங் தொழிலாளி, 1976 முதல் 2001 வரை, கல்நார்க் கயிறு, கல்நார்ப் பூச்சு’ என்று எழுதி, டிஸ்சார்ஜ் அட்டையிலும் அதையே அச்சிடச் செய்தார். கல்நார் நோய்களைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் சட்டக் கடமை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது மாதம் கழித்துப் பெரியவர் வீட்டிலேயே இறந்தார். சான்றிதழ் எழுத வந்த பக்கத்துத் தெரு மருத்துவர் வழக்கம் போல ‘இதயமும் சுவாசமும் நின்றதால்’ என்று எழுதினார். யாருக்குத்தான் அவை நிற்காமல் மரணம் வருகிறது? பெரியவரின் மகள் டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்து நீட்டினாள். “சார், இதற்குக் கீழே காரண நோய் என்று இன்னொரு வரி இருக்கிறதே, அதையும் எழுதிக் கொடுங்கள்” என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த வரியில் மீசோதீலியோமா என்று எழுத்துக்கூட்டி எழுதி, பக்கத்திலேயே கல்நார்த் தொழில் என்றும் சேர்த்தார். அவள் அன்று மாலையே அதை மூன்று நகல் எடுத்துவைத்தாள்.